பெண்களுக்கு நடந்த அநீதியைச் சொல்லும் வரலாற்று நாவல்களை எப்படி வாசிப்பது?

புதுமண்டபம் கேட்டது:
வணக்கம். மதுரையில் சில பெண்கள் சேர்ந்து மாதம் ஒரு நாவல் வாசிக்கிறோம். அடுத்து எடுத்திருப்பவை தேவதாசி முறை, கைரேகைச் சட்டம், தாது வருஷப் பஞ்சம் ஆகியவற்றைக் களமாகக் கொண்டவை. பேச உட்கார்ந்தால் "ஐயோ பாவம்" என்பதோடு கூட்டம் கலைந்துவிடுகிறது. எது நடந்தது, எது ஆசிரியர் சேர்த்தது என்றும் பிடிபடவில்லை. கொடுமைக் காட்சிகள் வரும் அத்தியாயங்களைச் சிலரால் தாண்டவே முடியவில்லை. என்ன செய்யலாம்?

வடக்குமாசி:
முதலில் ஆண்டைப் பிடியுங்கள். 'தாது வருஷம்' என்று மட்டும் இருந்தால் போதாது, அது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும்: 1876-77, 1936-37. நிலவரிக் கணக்கில் வரும் பசலி ஆண்டு கொடுத்திருந்தால் 590 கூட்டுங்கள். பசலி 1286 என்பது 1876 ஜூலையில் தொடங்கும் ஆண்டு. பிறகு ஒரு தாளில் மூன்று கட்டம்: ஆண்டு, அன்று அமலில் இருந்த சட்டம், கதையில் நடப்பது.

தேவதாசி நாவலுக்கு இந்தத் தாள் நன்றாக உதவும். பொட்டுக்கட்டுவதையே, அதாவது பெண்ணைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் சடங்கையே, தடுத்த சென்னை மாகாணச் சட்டம் 1947ல்தான் வந்தது. அதற்கு முன்பு சிறுமி என்றால் மட்டும் தண்டனைச் சட்டத்தின் 372, 373 பிரிவுகளில் வழக்குப் போட வழி இருந்தது. ஆகவே 1925ல் நடக்கும் கதையில் வயதுவந்த பெண்ணின் சடங்கைப் போலீஸ் வந்து நிறுத்தினால், அது ஆசிரியரின் ஆசை.

பலர் கவனிக்காதது 1929ல் இந்து அறநிலையச் சட்டத்தில் வந்த திருத்தம். கோயில் ஊழியத்துக்காக விடப்பட்ட மானிய நிலத்தை, அந்த ஊழியம் செய்யாமலே அந்தப் பெண்கள் வைத்துக்கொள்ள அது வழி செய்தது. அதுவரை ஊழியத்தை விட்டால் நிலமும் போகும். "ஏன் வெளியேறவில்லை?" என்று உங்கள் கூட்டத்தில் கேள்வி வந்தால் பதிலின் பாதி இங்கே இருக்கிறது. நாவலில் நிலம் யார் பெயரில், வீடு யார் பெயரில் என்று வரும் வரிகளுக்கெல்லாம் பென்சில் கோடு போடுங்கள். கண்ணீர் வரும் இடங்களைவிட இந்த வரிகள்தான் பேச்சை நகர்த்தும்.

தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் நாவல் 'தாசிகள் மோசவலை' 1936ல் வந்தது. அதை வரலாற்று நாவலோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். சட்டம் வருவதற்கு முன்பே, வாதாடுவதற்காக எழுதப்பட்டது அது. இன்றைக்கு எழுதிய நாவலுக்கு முன்னால் அதை வாசித்தால் தொனியில் உள்ள வித்தியாசம் தெரியும்.

உசிலைச்சந்தை:
கைரேகைச் சட்டம் பற்றி மட்டும் சொல்கிறேன். சில சாதியினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பதிந்து கைரேகை வாங்கிய குற்றப்பரம்பரைச் சட்டத்துக்குத்தான் இந்தப் பக்கம் அப்படிப் பெயர். 1871ல் குற்றப்பரம்பரைச் சட்டம் வந்தபோது சென்னை மாகாணம் அதில் இல்லை. 1911 சட்டத்துக்குப் பிறகுதான் இந்தப் பக்கம் வந்தது. 1890களில் கைரேகை வைக்கும் காட்சி இருந்தால் பிசகு. இந்தச் சட்டத்தை எதிர்த்தவர்கள் மீது போலீஸ் நடத்திய பெருங்காமநல்லூர் துப்பாக்கிச்சூடு 1920 ஏப்ரல் 3. இறந்த 16 பேரில் மாயக்காள் ஒருவர்தான் பெண். சில எழுத்துகளில் அவர் ஒரு வரியோடு முடிந்துவிடுவார், சிலவற்றில் வீர வசனம் பேசுவார். ஒரு வரி வருவதுதான் பதிவுக்கு நெருக்கம், வசனமெல்லாம் கற்பனை. கற்பனை கூடாது என்பதல்ல, அது கற்பனை என்று தெரிந்து வாசிக்க வேண்டும்.

இந்த நாவல்களில் கதை ஆண்களைச் சுற்றியே ஓடும். ஆண்கள் ராத்திரி போலீஸ் கண்காணிப்பில் கிடந்தால் காட்டையும் மாட்டையும் யார் காத்தார்கள், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும் என்றால் கூலி வேலைக்கு யார் போனார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நல்ல ஆசிரியர் பதில் வைத்திருப்பார்.

சின்ன விஷயம்: மேலூர்ப் பக்கம் 1880ல் வாய்க்காலில் பெரியாற்றுத் தண்ணீர் ஓடினால் நம்பாதீர்கள். அணை திறந்தது 1895.

வத்திராயிருப்பு:
பஞ்ச நாவலுக்கு முன்னால் நல்லதங்காள் கதையைப் பேசுங்கள், அர்ச்சுனாபுரம் நமக்குப் பக்கம்தானே. அந்தக் கதையில் பழி முழுக்க அண்ணி மூளி அலங்காரி தலையில் விழுகிறது. வேட்டைக்குப் போன அண்ணனை யாரும் கேட்பதில்லை, பஞ்சத்தைக் கவனிக்காத அரசையும் கேட்பதில்லை. பல நாவல்களும் இப்படித்தான் ஒரு கொடுமைக்கார மாமியாரைக் காட்டி மற்றவர்களைத் தப்பவிடும்.

1877ல் நிவாரண வேலைக்கு ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூடவே ஒரு அணா. பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. நாவலில் நிவாரண முகாம் வந்தால் கூலி இப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அநீதியின் முக்கியமான கணக்கே விடுபட்டிருக்கிறது.

புதுமண்டபம்:
நன்றி. கொடுமைக் காட்சிக்கு யாரும் சொல்லவில்லையே? விவரம் சரிபார்க்க எந்த நூலகம் போகலாம்?

வடக்குமாசி:
அந்த மாதம் கூட்டத்தை நடத்துபவர் முன்கூட்டியே முழுசாக வாசித்து, பக்க எண்ணை எழுதி, இரண்டு வரிச் சுருக்கத்தோடு எல்லோருக்கும் அனுப்பிவிடட்டும். வேண்டாதவர் சுருக்கத்தை மட்டும் வாசிப்பார். அந்தப் பகுதியைக் கூட்டத்தில் உரக்க வாசிக்காதீர்கள். காட்சி யார் கண் வழியாக வருகிறது என்பதை மட்டும் பேசுங்கள். பார்த்து நிற்பவன் கண்ணில் உடம்பை வர்ணித்துக்கொண்டே போனால் அது ஆசிரியரின் குறை, தாண்டிப் போவதில் தப்பில்லை.

நூலகம் என்றால் சிம்மக்கல் மாவட்ட மைய நூலகம், நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். 1906ல் வந்த மதுரை கெசட்டியரை, அதாவது அரசு வெளியிட்ட மாவட்ட விவர நூலை, கேட்டுப் பாருங்கள். விளைச்சல், சாலை, ரயில் விவரத்துக்கு அதை நம்பலாம். சாதிகளைப் பற்றிய அத்தியாயத்தை மட்டும், நூலை எழுதியவர் வெள்ளைக்கார அதிகாரி என்பதை மனதில் வைத்து வாசியுங்கள்.