திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் கிடைத்த செப்புக்காசு: வைத்திருக்கலாமா?

உப்புவெளியான்:
சித்தப்பா கொண்டுவந்து தந்த மெட்டல் டிடெக்டரோடு காலையில் மணலில் திரிகிறேன். கிடைப்பதெல்லாம் சோடா மூடியும் தூண்டில் ஈயமும்தான், ஆனால் நேற்று ஒரு பச்சை பிடித்த செப்புக்காசு, பெரிய வி எழுத்தும் அதன் கால்களில் ஓ, சி என்றும் தெரிகிறது. தேசிக்காய்ப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

கோட்டைவாசல்:
ஐயோ தம்பி, தேய்க்காதே! புளி பட்டால் எழுத்தே போய்விடும். அது ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனியின் துட்டு, வி, ஓ, சி அதன் பெயரெழுத்துகள். அந்த எழுத்துக்குக் கீழேயே ஆண்டு இருக்கும், பார். 1815 மார்ச் 2க்கு முந்தியது என்றால் சட்டப்படி தொல்பொருள், தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் பழம்பொருள் தேடித் தோண்டுவதே குற்றம், சொந்த வளவு என்றாலும்தான்.

கன்னியா மச்சான்:
அதைவிட, இது சண்டை நடந்த மண். டிடெக்டர் கத்துவது காசுக்கா வெடிக்காத ஷெல்லுக்கா என்று உனக்கு எப்படித் தெரியும்? காட்டுப் பக்கம் போயே போகாதே.

கோட்டைவாசல்:
அதுவும் சரி. நம்ம ஊரில் பெரிய கண்டெடுப்பு கருவியால் வந்ததில்லை. போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் செப்புத் திருமேனிகள் 1950இல் கிணறு வெட்டும்போதுதான் வெளியே வந்தன, சோமாஸ்கந்தர் உட்பட.

உப்புவெளியான்:
ஆண்டு 17 மட்டும் தெரிகிறது, மிச்சம் தேய்ந்துவிட்டது. சரி அண்ணை, திங்கட்கிழமை கொண்டுபோகிறேன். அம்மா ஏற்கெனவே சாம்பல் போட்டு ஒரு பக்கம் தேய்த்துவிட்டா.