'புரோஷர்' என்பதற்குத் தமிழில் என்ன போடலாம்? (அவசரம்)

மண்டபம், மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களுக்கு வணக்கம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைப் பற்றிச் சுற்றுலா வருபவர்களுக்குக் கொடுக்கும் வண்ணத்தாள் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். ஒற்றைத் தாள், மூன்றாக மடிப்பது. தலைப்பில் 'புரோஷர்' என்று இருக்கிறது. 'நோட்டீஸ்' என்று போட்டால் ஆட்டோவில் மைக் கட்டி வீசுகிற தாள் என்று நினைப்பார்கள். 'கையேடு' என்றால் தண்ணி மோட்டாரோடு வருகிற புத்தகம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்கணும்.

கீழக்கரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தம்பி, வேரைப் பாருங்கள். பிரெஞ்சில் 'புரோஷே' என்றால் தைப்பது. சில தாள்களைச் சேர்த்துத் தைத்ததால் வந்த பெயர். தையலுக்கு நம்மிடம் பழைய சொல் துன்னம். சிலப்பதிகாரத்தில் மருவூர்ப்பாக்கத்துத் தையற்காரர்கள் 'துன்னகாரர்'. ஆகவே 'துன்னேடு'. இதைவிடப் பொருத்தம் கிடைக்காது.

தொண்டி:
ஐயா, பொருநராற்றுப்படையில் துன்னல் எங்கே வருகிறது? வேர்வையில் நனைந்து, வேற்று நூலால் தைத்த கந்தலுக்கு, 'துன்னற் சிதாஅர்' என்று. கரிகாலன் களையச் செய்த கந்தலை நாம் வண்ணத்தாளுக்குச் சூட்டுவதா? அதோடு இதில் தையலே இல்லை, மடிப்புதான். 'மடியேடு' என்போம்.

பாம்பன்:
அதை இங்கே எந்த விசைப்படகுக்காரரிடமும் சொல்லிவிடாதீர்கள். மடி என்றால் வலையில் மீன் வந்து சேரும் பை. சுருக்குமடியும் இரட்டைமடியும் தடை செய்த வலைகள். கடல் பூங்காவைப் பற்றிய தாளில் மடியேடு என்று இருந்தால், "எந்த மடிண்ணே, சுருக்கா, ரெட்டையா?" என்று கேட்பார்கள். அப்புறம், உள்ளே 'கடற்பசு' என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஆட்களுக்கு அது ஆவுளியா.

கீழக்கரை:
மடிக்குச் சோம்பல் என்றும் பொருள். வள்ளுவர் அது கூடாதென்று மடியின்மை என ஓர் அதிகாரமே வைத்தார். ஆவுளியா சுவையான சொல். 'ஆ' பசுதான், 'உளியா' எங்கிருந்து வந்தது என்று யோசிக்கணும். உளி என்று கொண்டால் அந்த ஆண் விலங்கின் தந்தப்பல்லை...

மண்டபம்:
ஐயா, அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோமே.

இராமேசுவரம், பள்ளி ஆசிரியை:
எட்டாம் வகுப்பில் 'துன்னேடு' என்று கரும்பலகையில் எழுதிக் கேட்டேன். "துன்பத்தை எழுதி வைக்கிற ஏடா மிஸ்?" என்றாள் ஒருத்தி. 'சிற்றேடு' என்று எழுதினேன். சின்னப் புத்தகம் என்று சட்டென்று சொன்னார்கள். தாளுக்கும் புத்தகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுற்றுலா வருபவர் பார்க்கப்போவதில்லை. அதையே போடுங்கள்.

தொண்டி:
சரி, சிற்றேடு. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

மண்டபம்:
மறுப்பு இல்லையென்றால் சிற்றேடு.

கீழக்கரை:
மறுப்பு உண்டு. சிற்றேட்டை 'புக்லெட்'டுக்கு எப்போதோ கொடுத்துவிட்டோம். நாளை ஒரே அலுவலகத்துக்கு புக்லெட்டும் புரோஷரும் சேர்ந்து வந்தால் என்ன செய்வீர்கள்? 'விளம்பரச் சிற்றேடு' என்றாவது எழுதுங்கள்.

பாம்பன்:
ஆவுளியாவைப் போட்டீர்களா, இல்லையா?