பேட்டரி வாடகைத் திட்டமும் பேட்டரி மாற்றுவதும் ஒன்றுதானா?

கோவைப் பயணி:
வணக்கம். கோவையிலிருந்து சென்னைக்கு மாதம் இருமுறை காரில் சென்று திரும்புகிறேன். மின்சார கார் வாங்கலாம் என ஒரு ஷோரூமுக்குச் சென்றபோது, பேட்டரியை வாடகைக்கு எடுத்தால் காரின் விலை சில லட்சம் குறையும் என்றார்கள். அப்படியானால் சார்ஜ் தீர்ந்ததும் வழியில் எங்காவது அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, காஸ் சிலிண்டர் மாற்றுவதுபோல, முழு சார்ஜ் உள்ள வேறொன்றை மாட்டிக்கொள்ளலாமா எனக் கேட்டேன். முடியாது என்று விற்பனையாளர் தெளிவாகச் சொன்னார்; காரணம்தான் எனக்கு விளங்கவில்லை. சீனாவில் இது நடக்கிறது அல்லவா?

பழைய பொறியாளர்:
வாடகை வேறு, மாற்று வேறு ஐயா. 2024 செப்டம்பரில் எம்.ஜி. நிறுவனத்தின் விண்ட்சர் மின்சார கார் அறிமுகமானபோது காருக்கு 9.99 லட்சம் ரூபாய், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் என்று அறிவித்தார்கள். அது விலையைப் பிரித்துக் கட்டும் ஏற்பாடு மட்டுமே. பேட்டரி காரின் அடித்தட்டில் போல்ட் போட்டு இறுக்கியபடியேதான் இருக்கும்.

உங்கள் சிலிண்டர் உவமையிலேயே விடையும் இருக்கிறது. மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்களில் எதன் வீட்டுச் சிலிண்டராக இருந்தாலும் ரெகுலேட்டர் பொருந்திவிடுகிறது. கார் பேட்டரியிலோ வடிவம், மின்னழுத்தம், குளிர்விக்கும் குழாய் இணைப்பு, மென்பொருள் என எல்லாமே இரண்டு நிறுவனங்களுக்கிடையே ஒத்துப்போவது அரிது. இஸ்ரேலில் ஷாய் அகாசி 2007இல் தொடங்கிய பெட்டர் பிளேஸ் நிறுவனம் சுமார் 85 கோடி டாலர் முதலீடு திரட்டி, பேட்டரி மாற்று நிலையங்களையும் கட்டி முடித்தது. ஆனால் அவற்றுக்கு ஏற்ற காரைத் தயாரிக்க முன்வந்தது ரெனோ மட்டும்தான், அதுவும் ஃபுளூயன்ஸ் என்ற ஒரே மாடல். 2013 மே மாதம் அந்நிறுவனம் திவாலானது. அடுத்த மாதமே டெஸ்லா ஒன்றரை நிமிடத்தில் பேட்டரியை மாற்றி மேடையில் காட்டியது. பிறகு அதிவேக சார்ஜிங்கே போதும் என்று அதைக் கைவிட்டுவிட்டது. பேட்டரியை மாற்றும் இயந்திரம் ஒருபோதும் தடையாக இருந்ததில்லை என்பது என் கருத்து.

வடதுருவத் தமிழன்:
நான் நோர்வேயில் வசிக்கிறேன். சீனாவின் நியோ நிறுவனம் ஐரோப்பாவில் தன் முதல் மாற்று நிலையத்தை 2022 ஜனவரியில் இங்கே, ஒஸ்லோவுக்குத் தென்மேற்கே உள்ள லியர் என்ற இடத்தில்தான் திறந்தது. நண்பர் ஒருவரின் காரில் அமர்ந்தபடியே அதை ஒருமுறை பார்த்தேன். அவர் திரையைத் தொட்டதும் கார் தானாகவே பின்வாங்கிக் கொட்டகைக்குள் நுழைந்தது. நாங்கள் இறங்கவில்லை. காரின் ஹீட்டர் நின்றுபோக, காலடியில் போல்ட்டுகள் கழலும் கரகரப்பு கேட்டது. காரை யாரோ மெல்லத் தூக்கி இறக்குவதுபோல ஓர் அசைவு. ஐந்து நிமிடத்துக்குள் வெளியே வந்துவிட்டோம். மாரிக்காலத்தில் இதன் அருமை தெரியும், ஏனெனில் உறைபனியில் குளிர்ந்துபோன பற்றரி சார்ஜ் ஏற நெடுநேரம் பிடிக்கும். ஆனால் பக்கத்து வீட்டாரின் வேறு நிறுவனக் காருக்கு அந்தக் கொட்டகையால் எள்ளளவும் பயனில்லை.

கோவைப் பயணி:
நன்றி. சேலம் புறவழிச்சாலையில் அப்படி ஒரு நிலையம் இருந்தால் எனக்கு அது போதும். ஒரே நிறுவனத்துக்கானதாக இருந்தாலும்கூட யாராவது கட்டமாட்டார்களா?

பழைய பொறியாளர்:
கணக்கைப் பாருங்கள். நியோவின் நான்காம் தலைமுறை நிலையத்தில் 23 பேட்டரிகள் இருக்கும். நாளொன்றுக்கு 480 முறை வரை மாற்றலாம் என்கிறார்கள். ஒரு முறைக்கு 50 யூனிட் என்று வைத்தாலே நாளுக்கு 24,000 யூனிட் ஆகிறது. அதாவது இரவும் பகலும் சராசரியாக 1,000 கிலோவாட் இழுக்கும் எச்.டி. எனப்படும் உயர் மின்னழுத்த இணைப்பு வேண்டும். கூடவே, எந்தக் காரிலும் பொருத்தப்படாமல் காத்திருக்கும் 23 பேட்டரிகளின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளுக்கு இருபது கார்கூட வராத சாலையில் இவ்வளவு பணத்தை யார் முடக்குவார்?

நிதி ஆயோக் 2022 ஏப்ரலில் வெளியிட்ட பேட்டரி மாற்றுக் கொள்கை வரைவு இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களையே முன்னிறுத்தியது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஸ்கூட்டர் பேட்டரியை ஒருவர் கையாலேயே தூக்கி மாட்டிவிடலாம். ஆட்டோ ஓட்டுபவருக்குச் சார்ஜுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு மணியும் சவாரி இழப்பு. கார் பேட்டரியோ ஐந்நூறு கிலோவைத் தாண்டுவதுண்டு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மாதம் இருமுறை போய்வந்தால் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர், அறிமுகத்தின்போது சொன்ன 3.50 ரூபாய் வீதத்தில் பார்த்தால் வாடகை மட்டும் 7,000 ரூபாய், சார்ஜ் செலவு தனி. ஆகவே குறைந்தபட்சக் கட்டணம் உண்டா, எத்தனை ஆண்டு ஒப்பந்தம், இடையில் காரை விற்றால் பேட்டரி யாருடையது என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தக் கார் அதிவேக சார்ஜரில் எத்தனை கிலோவாட் வரை ஏற்கும் என்பதையும் கேளுங்கள். சேலத்தில் நீங்கள் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பது பெரும்பாலும் அந்த எண்ணில்தான் இருக்கிறது.