செங்ச்சி லோவில் ஒரு பாட்டியின் அடுப்படி

சீனாவின் சியாமென் நகரிலிருந்து ரயிலில் லோங்யான், அங்கிருந்து பஸ்ஸில் மலைப்பாதை. ஃபூஜியான் மாகாணம் யோங்டிங் பகுதியில் இருக்கிறது கவ்பெய் கிராமம். அங்குள்ள செங்ச்சி லோ, தனிப் பேச்சுமொழி கொண்ட ஹக்கா என்னும் சீன மக்கள் 1709-இல் கட்டி முடித்த வட்டமான மண் வீடு. இந்த மாதிரி மண் வீடுகளுக்குத் துலோ என்று பெயர். யுனெஸ்கோ 2008-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 46 துலோக்களில் இதுவும் ஒன்று.

வெளியே நின்று பார்த்தால் வீடு என்றே தோன்றாது. கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து கட்டியதால் கீழ் இரண்டு தளத்துக்கும் ஜன்னல் கிடையாது. உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள், நட்ட நடுவில் முன்னோர் கூடம். வெளிவட்டம் நான்கு தளம், தளத்துக்கு 72 அறை. பங்கு பிரித்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு தளம் முழுக்க யாருக்கும் சொந்தமில்லை. கீழே அடுப்படி, அதன் தலைக்கு மேல் தானிய அறை, அதற்கும் மேலே படுக்கையறைகள் என்று மேலிருந்து கீழாக ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரிசை. மேல்மாடிக் காற்று உனக்கு, அடுப்புப் புகை எனக்கா என்று யாரும் சண்டைக்கு வர முடியாது.

ஓர் அடுப்படி வாசலில் பாட்டி ஒருவர் பெர்சிமன் பழங்களைத் தோல் சீவி மூங்கில் தட்டில் காயவைத்துக்கொண்டிருந்தார். கையைக் காட்டி உட்காரச் சொன்னார். மொழிபெயர்க்கப் போனை நீட்டினேன். அவருடைய ஹக்கா பேச்சு அதற்குப் பிடிபடவில்லை. பேத்தி வந்து மாண்டரினில் சொன்ன பிறகுதான் வேலை நடந்தது. சின்னஞ்சிறு கோப்பையில் டீ. காலியாகக் காலியாக ஊற்றிக்கொண்டே இருந்தார்.

வெளியூர்க் கல்யாண விருந்தில் இரண்டு பெண்கள் அருகருகே உட்கார்ந்து, "எங்கள் வீடுதான் பெரிசு" என்று மாறி மாறிப் பெருமையடித்தார்களாம். கடைசியில் பார்த்தால் இருவருமே செங்ச்சி லோ மருமகள்கள்! அங்கே எல்லா வழிகாட்டிகளும் சொல்லும் கதைதான் இது. ஆனாலும் ஒரு காலத்தில் 80 குடும்பங்களுக்கு மேல் இருந்த வீடு என்னும்போது, நடந்திருக்காது என்று சொல்லவும் மனம் வரவில்லை.

மாடியில் கழிப்பறை கிடையாது. ராத்திரிக்கு வாளிதான், காலையில் அது வயலுக்கு உரம். பாட்டி இதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். எங்களை மேலே ஏற விடவில்லை. பல அறைகளில் பூட்டு. பிள்ளைகள் நகரத்தில் வேலைக்குப் போய்விட்டார்கள்.

அப்புறம் ஹோங்கெங் கிராமத்தில், 1912-இல் கட்டிய ஜென்செங் லோவுக்கும் போனேன். புகையிலை வெட்டும் கத்தி செய்து பணக்காரரான லின் குடும்பத்தின் வீடு. வேலைப்பாடு அங்கேதான் அதிகம். ஆனால் ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் நான் கவ்பெய்யைத்தான் சொல்வேன். சுற்றுலா பஸ்கள் வருவதற்குள் காலையிலேயே போய்விடுங்கள்.