பெரிய நிறுவனம் வந்தால் பல்கலைக்கழக ஆய்வு வெளியே வருமா?

கேள்வி: ஆய்வு மாணவன் நான். நன்றாக வேலை செய்யும் மாதிரிகள் எங்கள் ஆய்வக அலமாரியில் தூசி படிந்து கிடப்பதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. பெரிய நிறுவனம் ஒன்று கைகொடுத்தால் மாறுமா, இல்லை காப்புரிமையை வாங்கிக்கொண்டு போய்விடுமா?

பதில் 1: மாறும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 2001-இல் விமானம் தயாரிக்கும் போயிங்கும் அந்த ஊர்ப் பல்கலைக்கழகமும் சேர்ந்து தொடங்கிய உற்பத்தி ஆய்வு மையத்தில், தொழிற்சாலை அளவு இயந்திரத்திலேயே உலோகத்தைக் கடைந்து சோதிக்கிறார்கள், சின்ன நிறுவனங்களும் உள்ளே வரலாம். ஒன்று செய்வது வேறு, ஆயிரம் செய்வது வேறு. அந்த இடைவெளியில்தான் பல ஆய்வுகள் செத்துப்போகின்றன.

பதில் 2: நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரையும் பாருங்கள். பிலிப்ஸ் தன் ஆய்வு வளாகத்தையே மற்ற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது.

பதில் 3: சரி, ஆனால் பயம் நியாயம்தான். காப்புரிமையைப் பயன்படுத்தும் உரிமம் எந்தத் துறைக்கு மட்டும், பயன்படுத்தாவிட்டால் எப்போது திரும்ப வரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.