மகளுக்கு வரும் தொலைக்காட்சி உரிமக் கடிதங்கள்: கட்டணம் கட்டத்தான் வேண்டுமா?

கேள்வி – முத்தியால்பேட்டை, புதுச்சேரி

என் மகள் இங்கிலாந்தில் முதுகலை படிக்கிறாள். நான்கு மாணவிகள் ஒரே வீட்டில், அறைக்கு ஒருவராகத் தனித்தனி வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியே கிடையாது. ஆயினும், ‘சட்டப்படிக் குடியிருப்பவர்’ என்று மட்டும் முகவரியிட்ட கடிதங்கள் அடுத்தடுத்து வருகின்றன. கடைசிக் கடிதத்தில் அலுவலர் நேரில் வரக்கூடும் என்று கண்டிருந்தது. அதைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பியதிலிருந்து என் மனைவிக்கு உறக்கமில்லை. பெட்டியில்லாத வீட்டுக்கு உரிமம் எதற்கு?

பதில் 1 – மஞ்சக்குப்பம், கடலூர்

ஐயா, அங்கே ஒன்பது ஆண்டுகள் குடியிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உரிமம் பெட்டிக்கு அன்று, பார்ப்பதற்கு. எந்த நாட்டு அலைவரிசையானாலும், ஒளிபரப்பாகும் நேரத்திலேயே கைப்பேசியிலோ மடிக்கணினியிலோ பார்த்தால் உரிமம் வேண்டும்; பிபிசியின் ஐபிளேயரில் பழைய நிகழ்ச்சியைப் பார்ப்பதற்கும் 2016 செப்டம்பர் முதல் அது தேவை. கட்டணம் 2025 ஏப்ரலில் ஆண்டுக்கு 174.50 பவுண்டாக உயர்த்தப்பட்டது. உரிமமின்றிப் பார்ப்பது 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அபராதம் 1,000 பவுண்டு வரை போகலாம். தனித்தனி ஒப்பந்தம் என்பதால், தோழி ஒருத்தி எடுத்த உரிமம் உங்கள் மகளின் அறைக்குச் செல்லாது.

வாசலுக்கு வரும் அலுவலர், நீதிமன்றச் சோதனை ஆணை இல்லாமல் வீட்டினுள் நுழைய முடியாது. உள்ளே அழைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் கடிதங்களைக் கிழித்துப் போடுவதில் பயனில்லை, அவை நிற்கமாட்டா. உண்மையிலேயே நேரலை பார்ப்பதில்லை என்றால் இணையத்தில் அவ்வாறே அறிவித்துவிடலாம்.

பதில் 2 – லாஸ்பேட்டை

பிரான்சில் இருக்கும் என் அண்ணனுக்கு இந்தத் தொல்லையே இருந்ததில்லை. அங்கே 2005 முதல் இக்கட்டணத்தைக் குடியிருப்பு வரியோடு சேர்த்தே வாங்கினார்கள். வரி அலுவலகமே வசூலித்ததால் கதவைத் தட்ட ஆள் வேண்டியிருக்கவில்லை. பிறகு 2022இல் 138 யூரோவாக இருந்த அந்தக் கட்டணத்தையே ஒழித்துவிட்டார்கள். நம் ஊரில் மட்டும் என்ன, அஞ்சலகத்தில் பணம் கட்டி வில்லை ஒட்டிய வானொலி உரிமப் புத்தகம் ஒன்று தாத்தாவின் தகரப் பெட்டியில் இன்னும் கிடக்கிறது. ஆளை அனுப்பி அச்சுறுத்தி வசூலிப்பதைவிட வரியோடு சேர்ப்பதே மேல் என்பது என் எண்ணம். பெட்டியே இல்லாதவர் தலையிலும் அது விழுந்துவிடும் ஆபத்து உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. மகளிடம் விசாரித்ததில் ஒன்று தெரியவந்தது. வகுப்பு முடிந்து வந்ததும், இங்கே அவள் அம்மா பார்க்கும் தொடரை அவளும் அதே நேரத்தில் மடிக்கணினியில் நேரலையாகப் பார்த்துக்கொண்டு, இருவரும் தொலைபேசியில் கதை பேசுவார்களாம். இது எனக்கே தெரியாது. அது உரிமம் தேவைப்படும் பார்வைதானே?

பதில் 1 – மஞ்சக்குப்பம், கடலூர்

ஐயமே இல்லை. அதே பகுதியை, ஒளிபரப்பு முடிந்தபின் செயலியில் எடுத்துப் பார்த்தால் உரிமம் வேண்டாம். பழக்கத்தை நிறுத்திவிட்டு அதன்பின் அறிவிப்பைக் கொடுக்கச் சொல்லுங்கள். நேரலையும் பார்த்துக்கொண்டு, பார்ப்பதில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

அப்படியே செய்துவிட்டாள். இனி அம்மா முதல் நாள் பார்த்ததை மகளிடம் மறுநாள் வரை சொல்லாமல் வைத்திருக்க வேண்டும். அதுதான் இந்த வீட்டில் நடக்காது.