ஏற்காட்டுப் பனியில் குட்டி ஆமை கண் திறக்காமல் கிடக்கிறது, சாப்பிடவும் இல்லை. என்ன செய்வது?

சேர்வராயன்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். ஏற்காட்டுல எஸ்டேட் குடியிருப்புல இருக்கோம். எங்க மாமா வெளியூருக்குக் குடி மாறிப் போறப்போ, பிள்ளைங்க வளர்க்கட்டும்னு ஒரு குட்டி ஆமையைக் கொடுத்துட்டுப் போனாரு. உள்ளங்கையில அடங்குற அளவுதான். தரையில நடக்கிற ஆமை. வந்த புதுசுல வெள்ளரிக்காய், தக்காளி எல்லாம் நல்லா கடிச்சுது. பனி இறங்க ஆரம்பிச்சதுல இருந்து தலையை உள்ளே இழுத்துக்கிட்டு மூலையிலயே கிடக்குது. கண்ணைத் திறக்கிறதே இல்ல. பழைய மீன் தொட்டியில மணல் போட்டு, ஜன்னல் வழியா வெயில் படுற இடத்துல வச்சிருக்கோம். "குளிர்காலத்துல ஆமை தூங்கும், எழுப்பாதீங்க"ன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. அப்படியே விட்டுடலாமா? சின்னவ ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து போய்ப் பார்க்குறா. தெரிஞ்சவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க.

அம்மாபேட்டை_ஆமைவீடு:
அக்கா, முதல்ல இது என்ன ஆமைன்னு தெரியணும். ஓட்டுல ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவுல இருந்து மஞ்சள் கோடு நட்சத்திரம் மாதிரி விரியுதா? அப்படி இருந்தா அது நட்சத்திர ஆமை. நம்ம நாட்டுக் காட்டு உயிர். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டுல வைக்கவே கூடாது. 2022 திருத்தத்துக்கு அப்புறம் அது முதல் அட்டவணையிலயே, அதாவது அதிகப் பாதுகாப்பு உள்ள பட்டியல்லயே இருக்கு. அதுவா இருந்தா தாமதிக்காம சேலத்துல வனத்துறை அலுவலகத்துக்குப் போன் பண்ணி ஒப்படைச்சிடுங்க. காட்டுல கொண்டுபோய் விடுறேன்னு மட்டும் கிளம்பிடாதீங்க. நட்சத்திரம் இல்லேன்னா ஓட்டு நிறம், கால் எப்படி இருக்குன்னு எழுதுங்க.

சேர்வராயன்_அம்மா:
நட்சத்திரம் எதுவும் இல்லீங்க அண்ணா. ஓடு மணல் நிறம், ஒவ்வொரு கட்டத்தைச் சுத்தியும் காப்பிப்பொடி நிறத்துல கரை. முன்னங்கால் முழுக்க தடிச்ச செதில். பின்னந்தொடையில வால் பக்கமா முள்ளு முள்ளா நீட்டிக்கிட்டு இருக்கு.

அம்மாபேட்டை_ஆமைவீடு:
அந்தத் தொடை முள்ளை வச்சே சொல்லலாம், சுல்காட்டா. ஆப்பிரிக்க ஆமை. சகாரா பாலைவனத்துக்குத் தெற்கு ஓரம், செனகல்ல இருந்து எத்தியோப்பியா பக்கம் வரைக்கும் அதோட ஊர். இந்த இனத்துக்குக் குளிர்காலத் தூக்கம் கிடையவே கிடையாது. உங்க குட்டி தூங்கலை அக்கா, குளிர்ல உடம்பு நின்னு போயிருக்கு. நீங்க இருக்கிறது கிட்டத்தட்ட 5,000 அடி உயரம். உங்க ராத்திரிக் குளிரை அது தானா தாங்காது.

ஆமைக்கு உடம்புச் சூடு வெளியில இருந்துதான் வரணும். சூடு இல்லாம வயித்துல எதுவும் செரிக்காது. அதனால இப்போ தீனி ஊட்டப் பார்க்காதீங்க. முதல்ல சூடு, அடுத்து தண்ணி, அதுக்கப்புறம்தான் சாப்பாடு.

கோழித்தீவனக் கடையில குஞ்சு அடைக்கு மாட்டுற பல்பு கேளுங்க. வெளிச்சம் வராத செராமிக் சூட்டு பல்பு கிடைச்சா ராத்திரிக்கு அதுதான் நல்லது. பீங்கான் ஹோல்டர்லதான் மாட்டணும், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிடும். பல்புக்கு நேர் கீழே 35 டிகிரி, எதிர் ஓரத்துல 27. ராத்திரியிலயும் 26-க்குக் கீழே போகக் கூடாது. வயர் வச்ச டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி, அதோட முனையை ஆமை முதுகு உயரத்துல வையுங்க. கையால தொட்டுப் பார்த்து முடிவு பண்ணாதீங்க.

செவ்வாய்ப்பேட்டை_குமரன்:
எதுக்குங்க இவ்வளவு செலவு? எங்க வீட்டு ஆமை மொட்டை மாடியில வெயில்லயே சுத்துது, நல்லாத்தான் இருக்கு. தினம் வெயில்ல விட்டாலே போதும்.

கால்நடை_மாணவி_நாமக்கல்:
குமரன் அண்ணா, உங்க வெயில் சேலத்து வெயில். டிசம்பர்ல ஏற்காட்டுல மூடுபனி விலகவே நேரமாகும், விலகினாலும் குட்டிக்குத் தேவையான சூடு முழுசாக் கிடைக்காது. இன்னொண்ணு, உங்க ஆமைக்கும் சித்திரை மாசத்துல மாடியில நிழல் கண்டிப்பா வேணும். வெயில் 40 டிகிரி தொடுறப்போ நிழல் இல்லாத டப்புல விட்ட குட்டி கொஞ்ச நேரத்துலயே செத்துடும். காக்கா தூக்கிட்டுப் போற ஆபத்து வேற.

அக்கா, ஜன்னல் வெயிலைப் பத்தி ஒண்ணு சொல்லணும். கண்ணாடி வழியா வெளிச்சமும் சூடும் வரும், ஆனா ஓடு கெட்டியாக வேண்டிய யு.வி.பி.ங்கிற புற ஊதாக் கதிர் வராது. அது இல்லாம வைட்டமின் டி3 உருவாகாது, சுண்ணாம்புச்சத்து எலும்புல சேராது, ஓடு மெத்துன்னு ஆகிடும். நல்லா வெயில் அடிக்கிற நாள்ல நேரடியா வெளியில வச்சு, கூடவே உட்கார்ந்து பார்த்துக்கோங்க. பனிக்காலம் முழுக்க அது முடியாது, அதனால யு.வி.பி. விளக்கு வாங்கிடுங்க. வெளிச்சம் நல்லா இருந்தாலும் கதிர் நாளாக ஆகக் குறைஞ்சுடும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாத்தணும்.

இப்போ மூக்கைக் கிட்ட வச்சுப் பாருங்க. சளி, நுரை வருதா? வாயைத் திறந்து மூச்சு விடுதா? கழுத்து நீளும்போது விசில் மாதிரி சத்தம் வருதா? இதுல ஒண்ணு இருந்தாலும் நுரையீரல்ல தொற்று இருக்கலாம், சூடு மட்டும் பத்தாது. ஊர்வன பார்க்கிற மருத்துவர்கிட்ட காட்டியே ஆகணும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு முன்கூட்டியே போன் பண்ணிக் கேட்டுட்டு வாங்க. மெடிக்கல்ல கேட்டு நீங்களா எந்த மருந்தும் கொடுக்காதீங்க. நாய், மாட்டுக்குப் பூச்சிக்கும் உண்ணிக்கும் போடுற ஐவர்மெக்டின் ஆமையைக் கொன்னுடும்.

சேர்வராயன்_அம்மா:
மூக்கு காஞ்சுதான் இருக்கு, சத்தமும் இல்லமா. இவரு டவுனுக்கு இறங்கிப் பல்பும் தெர்மாமீட்டரும் வாங்கிட்டு வந்துட்டாரு. மாட்டுறதுக்கு முன்னாடி தொட்டிக்குள்ள வச்சுப் பார்த்தா 17 டிகிரி காட்டுச்சு. பார்த்ததும் மனசே கேக்கலை. தண்ணி எப்படிக் கொடுக்கணும்?

அம்மாபேட்டை_ஆமைவீடு:
பல்பு போட்டு உடம்பு கொஞ்சம் சூடானதும் குளிக்க வையுங்க. அகலக் கிண்ணத்துல கைக்குழந்தையைக் குளிப்பாட்டுற பதத்துல வெதுவெதுப்பான தண்ணி, தாடைக்குக் கீழே நிக்கிற அளவுதான். 15, 20 நிமிஷம், பக்கத்துலயே இருங்க, ஆறினா மாத்துங்க. தலையை நீட்டித் தண்ணியில வச்சுக் குடிக்கும், தொண்டை ஏறி இறங்குறது கண்ணுக்கே தெரியும். துடைச்சுட்டு நேரா பல்பு கீழே விடுங்க. குட்டியா இருக்கிற வரைக்கும் தினமும் இது வேணும்.

அந்த மணலை எடுத்துடுங்க. பாலைவன ஆமைதானேன்னு எல்லாரும் காஞ்ச மணல்ல வைக்கிறாங்க. அங்கேயும் இந்தக் குட்டிங்க பொந்துக்குள்ள ஈரத்துலதான் இருக்கும். 2003-ல வெளிவந்த ஓர் ஆய்வு, இதே இனக் குட்டிகளை வச்சுப் பண்ணது. முதுகு ஓடு கூம்பு கூம்பா எழும்புறதுக்குப் புரதச் சாப்பாட்டை விடக் காத்துல ஈரம் குறையுறதுதான் பெரிய காரணம்னு காட்டிச்சு. நனைச்சுப் பிழிஞ்ச கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) நாலு விரக்கடை போடுங்க. கண்ணாடித் தொட்டிக்குப் பதிலா பக்கம் தெரியாத பெரிய டப்பு நல்லது. வெளியே தெரிஞ்சா கண்ணாடியை முட்டிக்கிட்டே இருக்கும்.

சேர்வராயன்_அம்மா:
கண்ணைத் திறந்துடுச்சு! சூடு ஏறினதும் கழுத்தை நீட்டிச்சு, குளிக்க வச்சா தண்ணி குடிச்சுது. ஆனா தண்ணிக்குள்ள வெள்ளையா சுண்ணாம்புக் குழம்பு மாதிரி ஏதோ போயிருக்கு. பயமா இருக்கு.

கால்நடை_மாணவி_நாமக்கல்:
பயப்படாதீங்க அக்கா, அது யூரிக் அமிலக் கழிவு, ஆமைக்கு இயல்பானது. குழைவா இருந்தா நல்லது. மணல் மாதிரி நறநறன்னு இருந்தா தண்ணி பத்தலைன்னு அர்த்தம். சிவப்பா வந்தா உடனே எழுதுங்க.

இனி சாப்பாடு. வெள்ளரி, தக்காளி, பழம் எல்லாத்தையும் நிறுத்துங்க. இது புல் தின்னுற உயிர். அருகம்புல்லைப் பொடியா நறுக்கிப் போடுங்க, அதுதான் பெரும்பங்கு. செம்பருத்தி இலை, பூ, மல்பெரி இலை, கொஞ்சம் முருங்கைக்கீரை சேர்க்கலாம். பாலக்கீரை வேண்டாம், அதுல இருக்கிற ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச்சத்தைப் பிடிச்சு வச்சுக்கும். நாட்டு மருந்துக் கடையில கடல் நுரை வாங்கி, சுரண்டித் தூவுங்க. சோறு, பால், நாய்த்தீனி கிட்டவே வரக் கூடாது. எஸ்டேட்ல மருந்து அடிச்ச பக்கத்துப் புல்லைப் பறிக்காதீங்க. மலை முழுக்க மண்டிக் கிடக்கிற உண்ணிச்செடி இலையும் விஷம், புல்லோட கலந்து வந்துடாம பிள்ளைங்களுக்குக் காட்டிக் கொடுங்க.

சேர்வராயன்_அம்மா:
செம்பருத்திப் பூவைத்தான் முதல்ல கடிச்சுது. சின்னவ கையில இருந்தே தின்னுச்சு. இங்கே மழை, காத்துன்னா கரண்ட் போயிடும், ராத்திரி போனா என்ன பண்றது?

அம்மாபேட்டை_ஆமைவீடு:
சுடுதண்ணியை பாட்டில்ல ஊத்தி, துண்டு சுத்தி, டப்போட ஒரு ஓரத்துல படுக்க வையுங்க. மேலே பாதிக்குப் போர்வை மூடுங்க. ஆமையை பாட்டிலோட ஒட்டி வைக்காதீங்க, வேணும்னா அதுவே நகர்ந்து வரும். கரண்ட் திரும்ப வரும்போது பல்பு மேல போர்வை கிடக்கக் கூடாது, அதனால பல்பு ஸ்விட்சை அணைச்சுட்டே படுங்க. ரொம்ப நேரம் வரலைன்னா பாட்டில் தண்ணியை மாத்துங்க.

மாமாகிட்ட பில் இருக்கான்னு கேளுங்க. வெளிநாட்டு இனமா இருந்தாலும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கிறதால, 2024 பிப்ரவரியில வந்த விதிகள்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் 2.0 இணையதளத்துல பதிவு பண்ணணும். பில் இல்லேன்னாலும் மறைக்காதீங்க, வனத்துறையில நேர்ல போய்க் கேளுங்க.

பிள்ளைங்ககிட்ட இதையும் இப்பவே சொல்லிடுங்க. கலபகோஸ், அல்டாப்ரா ஆமைகளுக்கு அடுத்து உலகத்துலயே பெரிய ஆமை இதுதான். வளர்ந்தா 45 கிலோ தாண்டும், நல்லா பார்த்துக்கிட்டா 70 வருஷத்துக்கு மேல இருக்கும். மண்ணைத் தோண்டும், வேலியைத் தள்ளும். அந்த அளவுக்கு இடமும் சூடும் உங்களால கொடுக்க முடியாதுன்னு தோணினா, குட்டியா இருக்கும்போதே வனத்துறையைக் கேட்டு, கீழே வெயில் உள்ள ஊர்ல பதிவோட வாங்கிக்கிறவங்களைத் தேடுங்க. ஏரிக்கரையிலயோ தோட்டத்துலயோ விடுறது மட்டும் வேண்டாம்.

அதுவரைக்கும் வாரம் ஒரு தடவை சமையல் தராசுல எடை போட்டுத் தேதியோட எழுதி வையுங்க. எடை தொடர்ந்து இறங்கினா கண் திறந்து இருந்தாலும் மருத்துவர்கிட்ட போயிடுங்க, அந்த நோட்டையும் எடுத்துட்டுப் போங்க.